லிஃப்ட் போட்ட வண்டியில் ஸ்டியரிங், அலைன்மென்ட் கோளாறுகளைச் சரிசெய்யும் முறை

வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட் மாட்டிய மாருதி ஜிப்சியோ ஜிம்னியோ மகிந்திரா தாரோ பட்டறையை விட்டு வெளியே வந்ததும் வருகிற புகார்கள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். "நேரா ஓட்டும்போது ஸ்டியரிங் கோணலா நிக்குதுங்க." "அறுபதைத் தாண்டுனா வண்டி அலையுதுங்க." "ஆழியாறு மேல கொண்டை ஊசியில ஒடிச்சு விட்டா ஸ்டியரிங் தானா திரும்ப மாட்டேங்குதுங்க." உடனே வண்டி அலைன்மென்ட் கடைக்குப் போகும். அங்கே டோவை, அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் அளவைத் திருகி, திரையில் பச்சை வந்ததும் அனுப்பிவிடுவார்கள். புகாரில் பாதி அப்படியே இருக்கும்.

லிஃப்டால் முதலில் கெடுவது டோ அல்ல. காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைகிறது, ஆக்சில் பக்கவாட்டில் நகர்கிறது, டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) சாய்கிறது. இவற்றைத் தொடாமல் டோவை மட்டும் வைத்தால், அடுத்து எதைச் சரிசெய்தாலும் டோ மறுபடி மாறும். எனவே வேலையின் வரிசை இது: தேய்ந்த பாகங்கள், ஆக்சிலின் இடம், காஸ்டர், லிங்க் சாய்வு, டோ, கடைசியாக ஸ்டியரிங் நடு. இந்த வரிசையை மாற்றினால் காசும் நேரமும் இரட்டிப்பாகும்.

எவ்வளவு உயரம்?

வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், திம்பத்தின் 27 வளைவுகளிலும், வாரநாளில் பல்லடம் சாலையிலும் ஓடும் ஒரே வண்டிக்கு 40 முதல் 50 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் கீழே சொல்கிற ஒவ்வொரு திருத்தமும் கட்டாயமாகும்; புரொப்பெல்லர் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு), பிரேக் ஹோஸ் வேலைகளும் சேர்ந்துகொள்ளும். சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விபத்துக் காப்பீடு கோரும்போதும் இந்தக் கேள்வி எழலாம். கிட் வாங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள்.

எந்த வண்டியில் எது கெடும்?

ஜிப்சியிலும் பழைய மகிந்திரா ஜீப்புகளிலும் நான்கு மூலையிலும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிடிக்கும் முழு ஆக்சில். 2023இல் இங்கே வந்த ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்சில்தான். ஆனால் பட்டைக்குப் பதில் காயில் ஸ்பிரிங். முன் ஆக்சிலை இரண்டு ரேடியஸ் ஆர்ம்கள் முன்பின்னாகவும், ஒரு பனார்டு ராடு பக்கவாட்டிலும் பிடித்திருக்கும். 2010இல் வந்த தாரின் சி.ஆர்.டி.இ. மாடலில் முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), பின்னால் பட்டை. 2020 தாரில் முன்னால் காயிலோடு டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு ஆர்ம்கள்), பின்னால் காயிலோடு முழு ஆக்சில். முன் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் வண்டிக்கு வைத்தியம் வேறு. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

பிரிக்கும் முன் அளவுகள்

பழைய அளவு கையில் இல்லாமல் புதிய கோளாறைத் தேடுவது வீண் சிரமம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். தரை சமமா என்பதைக் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பாலோ நீளமான ரசமட்டத்தாலோ நான்கு சக்கரங்களுக்கும் பாருங்கள். டயர் காற்று நான்கிலும் சரியாக இருக்கட்டும். பிறகு இவற்றைக் குறியுங்கள்: ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரம், நான்கு மூலையிலும்; முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை நீளம், இடமும் வலமும்; சேசிஸிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, டயரின் உள்விளிம்பு வரை இடைவெளி, இரு பக்கமும்; ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எத்தனை சுற்று என்பது.

கடைசியாகக் காஸ்டர். ஜிப்சியிலும் ஜிம்னியிலும் கிங்பின்னின் (முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) மேல் மூடி தட்டையானது. சக்கரம் நேராக இருக்கும்போது அதன் மேல் டிஜிட்டல் ஆங்கிள் மீட்டரை முன்பின் திசையில் வையுங்கள். அது காட்டும் சாய்வே காஸ்டர். மூடியின் துருவைச் சுரண்டிவிட்டு வைக்க வேண்டும். ஒரு துளி மண் இருந்தாலும் அரை டிகிரி பொய் சொல்லும். லிஃப்ட் ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் இன்றைய அளவை எடுத்து வொர்க்‌ஷாப் மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

தேய்மானத்தை முதலில் ஒழியுங்கள்

லிஃப்டும் பெரிய டயரும் பழைய ஆட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டும். பாகம் முன்பே தேய்ந்திருக்கும். பழி லிஃப்ட் மேல் விழும்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கூட ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இட வலமாகப் பிடித்து ஆட்டினால் டை ராடு (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டியரிங் கம்பி) எண்டுகளின் ஆட்டம் தெரியும். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, எஞ்சினை ஓடவிட்டு, உதவிக்கு இருப்பவர் ஸ்டியரிங்கை கால் சுற்று இடமும் வலமுமாக ஆட்ட, நீங்கள் ஒவ்வொரு ஜாயிண்டிலும் கை வைத்துப் பாருங்கள். பனார்டு ராடின் இரு முனை, டிராக் லிங்க் இரு முனை, ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில் நிற்கும் போல்ட்டுகள் எல்லாவற்றையும் பாருங்கள். பனார்டு ராடு போல்ட் ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. ஓட்டையைச் சரிசெய்து சரியான தடிமனில் போல்ட் போட வேண்டும்.

ஸ்டியரிங் பாக்ஸின் மேலுள்ள அட்ஜஸ்ட் ஸ்குருவை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஆட்டம் எங்கே என்று தெரியாமல் அதை இறுக்கினால், பாக்ஸ் நடுப்பகுதியில் கடித்துக்கொண்டு, ஸ்டியரிங் திரும்பிவராத புதிய நோயைக் கொடுக்கும்.

ஆக்சிலை நடுவில் நிறுத்துதல்

பட்டை வண்டியில் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் இருக்கையின் ஓட்டைக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டை ஏற்றும்போது அது உட்காராமலே பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டை முறுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இட வல ஹப் நீளம் 5 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் முதல் சந்தேகம் அங்கேதான். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். நீண்டுபோன திரெட் முறுக்கைப் பிடித்து வைக்காது.

காயில் வண்டியில் பனார்டு ராடுதான் காரணம். அதன் ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஆக்சிலில். வண்டி உயர்ந்ததும் ராடு செங்குத்துப் பக்கம் சாய்கிறது. கிடைமட்ட நீளம் குறைகிறது. ஆக்சில் சேசிஸ் முனை இருக்கும் பக்கமாக இழுபடுகிறது. 850 மி.மீ. ராடு ஒன்றில் இரு முனைகளின் உயர வித்தியாசம் 50 மி.மீ.யிலிருந்து 100 ஆனால் நகர்வு சுமார் 4 மி.மீ. 100லிருந்து 150 ஆனால் 7 மி.மீ.க்கு மேல். அதே 50 மி.மீ. லிஃப்ட், முன்பே சாய்ந்திருந்த ராடில் கூடுதலாகக் கெடுக்கிறது.

தீர்வு, நீளம் மாற்றக்கூடிய பனார்டு ராடு. பழைய ராடை வெட்டி நடுவில் பைப்பை ஒட்டவைத்து வெல்டு செய்வதை நாங்கள் ஏற்கமாட்டோம். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் ஒரே உறுப்பு அது. கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் நல்ல லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. தையலில்லாத தடித்த பைப், ஒரு முனை வலது திரெட், மறுமுனை இடது திரெட், லாக் நட் என்று கடைந்து வாங்கலாம். திரெட்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளமாவது உள்ளே போயிருக்க வேண்டும். வண்டி தன் எடையில் நிற்கும்போது தூக்குக்குண்டு வைத்து இரு பக்க இடைவெளியும் 3 மி.மீ.க்குள் வரும்வரை திருகுங்கள்.

காஸ்டர்

கையை விட்டும் மிதிவண்டி நேராகப் போவதற்கு அதன் முன் ஃபோர்க் பின்னால் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். கிங்பின்னின் மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணமே காஸ்டர். முழு ஆக்சில் வண்டிக்கு 3 முதல் 5 டிகிரி வரை இருந்தால் வண்டி நேர்கோடு பிடிக்கும், வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானே திரும்பும். 2க்குக் கீழே போனால் வண்டி அலையும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளில் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கைக் கையால் நேராக்கிக்கொண்டிருக்க வேண்டியிருந்தால், அது காஸ்டர் இல்லாத வண்டி.

எவ்வளவு குறையும் என்பதை நீங்களே கணக்கிடலாம். ரேடியஸ் ஆர்ம் வண்டியில், சேசிஸ் புஷ்ஷின் நடுவிலிருந்து ஆக்சில் நடு வரை அளந்துகொள்ளுங்கள். அது 800 மி.மீ. என்றால் 50 மி.மீ. லிஃப்டுக்கு ஏறக்குறைய 3.6 டிகிரி போகும். இருந்ததே அந்த அளவுதான் என்றால் மிச்சம் பூஜ்யம்.

திருத்த மூன்று வழி. ஆக்சில் முனையிலுள்ள புஷ்களை எடுத்துவிட்டு, ஓட்டை நடுவில் இல்லாத ஆஃப்செட் புஷ் போடுவது முதல் வழி; 2 முதல் 3 டிகிரி வரை மீட்கும், 50 மி.மீ. லிஃப்டுக்குப் பெரும்பாலும் போதும். பிரஸ்ஸில் ஏற்றும்போது அம்புக்குறி இரு பக்கமும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒன்று தலைகீழானால் ஆக்சில் முறுக்கிக்கொண்டு நிற்கும், புஷ் சில வாரத்தில் கிழியும். இரண்டாவது, ஆர்மின் சேசிஸ் முனையைக் கீழே இறக்கும் டிராப் பிராக்கெட். கோணம் அழகாகத் திரும்பும், ஓட்டமும் மென்மையாக இருக்கும். ஆனால் பிராக்கெட் பாறையில் முட்டும். மூன்றாவது, வளைத்துச் செய்த புது ஆர்ம். விலை கூடும். 75 மி.மீ.க்கு மேல் போனவர்களுக்கு அதுதான் சரி.

பட்டை வண்டியில் நீள சாக்கிள்தான் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) பெரிய குற்றவாளி. 50 மி.மீ. நீளமான சாக்கிள் போட்டால் வண்டி உயர்வது அதில் பாதி, 25 மி.மீ.தான். ஆனால் ஜிப்சி போல சாக்கிள் பட்டையின் முன்முனையில் இருந்தால், 1,000 மி.மீ. நீளப் பட்டையில் கிட்டத்தட்ட 3 டிகிரி காஸ்டர் பறிபோகும். இத்தனை சிறிய உயரத்துக்கு இவ்வளவு பெரிய இழப்பு வேறு எந்த முறையிலும் இல்லை. முன்பக்கம் நீள சாக்கிள் போடாதீர்கள். சரியான வளைவு கொடுத்த பட்டையைப் போடுங்கள். நாமக்கல், சங்ககிரியில் லாரிப் பட்டை வேலை பார்ப்பவர்கள் இதைக் கச்சிதமாகச் செய்வார்கள்.

மீதமுள்ள குறையை ஆப்பு தீர்க்கும். பட்டைக்கும் ஆக்சில் இருக்கைக்கும் நடுவே வைக்கும் சாய்வான தகடு அது. 100 மி.மீ. நீள இருக்கைக்கு 2 டிகிரி வேண்டும் என்றால் இரு முனைத் தடிமன் வித்தியாசம் 3.5 மி.மீ., 3 டிகிரிக்கு 5.2 மி.மீ. பட்டை ஆக்சிலுக்குக் கீழே ஓடினால் (ஜிப்சி கம்பெனியிலிருந்து அப்படித்தான்) தடித்த முனை முன்பக்கம் வர வேண்டும். பட்டை ஆக்சிலுக்கு மேலே என்றால் தடித்த முனை பின்பக்கம். இதைத் திருப்பி வைத்தால் இருக்கிற காஸ்டரும் போய்விடும். அலுமினிய ஆப்பு நசுங்கி உடையும். இரும்பில்தான் செய்ய வேண்டும், சென்டர் போல்ட்டும் அந்த அளவு நீளமாக வேண்டும்.

ஒரு விலை கொடுத்தாக வேண்டும்: காஸ்டரைக் கூட்டினால் முன் ஆக்சிலின் பினியன் மூக்கு (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே இறங்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்டின் கோணம் கூடும். ஃபோர் வீல் போட்டு ஓட்டும்போது உறுமலோ அதிர்வோ வந்தால் ஆப்பின் கோணத்தை ஒரு டிகிரி குறையுங்கள். இடமும் வலமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. வண்டி காஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும்.

டிராக் லிங்க்கும் பள்ளத்தில் திரும்பும் ஸ்டியரிங்கும்

ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கும் லிஃப்டில் சாயும். சக்கரம் மேடேறும்போது அது ஒரு வில்லில் ஆடி, நீங்கள் திருப்பாமலே சக்கரத்தைத் திருப்பும். வேகத்தடையில் ஸ்டியரிங் கையில் துடிப்பது இதனால்தான்.

பனார்டு உள்ள வண்டியில் ஒரே விதி: டிராக் லிங்க்கும் பனார்டு ராடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஆங்கிள் மீட்டரை இரண்டின் மேலும் வையுங்கள். வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருந்தால் நல்லது. லிஃப்ட் இரண்டையும் ஒன்றாகவே சாய்க்கிறது. ஆகவே தொடாமல் விட்டாலே பெரும்பாலும் இணை கெடாது. கெடுப்பது டிராப் பிட்மேன் ஆர்ம்தான், அதாவது ஸ்டியரிங் பாக்ஸில் டிராக் லிங்க்கைப் பிடிக்கும் ஆர்மைக் கீழே வளைத்துச் செய்த வகை. டிராக் லிங்க்கை மட்டும் இறக்கி, பனார்டை அப்படியே விட்டால் துடிப்பு முன்னைவிடக் கூடும். இறக்கினால் இரண்டையும் இறக்குங்கள்.

பட்டை வண்டியில் பனார்டு இல்லை. அங்கே டிராக் லிங்க் எவ்வளவு படுக்கையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. டிராப் ஆர்ம் போடலாம், அல்லது நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) உள்ள டேப்பர் ஓட்டையை, அதாவது ஒரு பக்கம் குறுகும் ஓட்டையை, மறுபக்கத்திலிருந்து ரீமரால் கடைந்து லிங்க்கை மேலே மாட்டலாம். டேப்பரில் பின் முழுதாக உட்காராமல் நட்டை மட்டும் நம்பி ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

சோதிக்க எளிய வழி: ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிவிட்டு, சக்கரம் தரையில் இருக்க, சேசிஸை ஜாக்கியால் மெதுவாக 50 மி.மீ. உயர்த்துங்கள். முன் சக்கரங்கள் திரும்புவது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

இப்போதுதான் டோ

முன் டயர் இரண்டையும் தூக்கிச் சுழலவிட்டு, டயர் பட்டனின் (தரையைத் தொடும் பகுதி) நடுவில் சாக்பீஸ் தடவி, கூரான ஆணியால் ஒரு கோடு இழுங்கள். வண்டியை இறக்கி, முன்னால் உருட்டி நிறுத்துங்கள். பின்னால் தள்ளி நிறுத்தினால் அளவு தப்பும். ஹப் உயரத்தில் கோட்டிலிருந்து கோடு வரை முன்பக்கமும் பின்பக்கமும் டேப்பால் அளங்கள். முன் அளவு பின்னதைவிட 2 முதல் 3 மி.மீ. குறைவாக இருக்கட்டும், மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுவே முடிவு. 700 மி.மீ. டயரில் 3 மி.மீ. என்பது மொத்தத்தில் கால் டிகிரி.

டை ராடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஸ்டியரிங் ஆர்ம் 150 மி.மீ., டயர் 700 மி.மீ. என்றால் ராடு 1 மி.மீ. நீண்டாலே டோ 4.7 மி.மீ. மாறும். இரு முனையும் 1.5 மி.மீ. பிட்ச் என்றால் அரைச் சுற்றில் 7 மி.மீ. போய்விடும். டை ராடு ஆக்சிலுக்குப் பின்னால் இருந்தால் நீட்டும்போது டோ இன் கூடும். முன்னால் இருந்தால் குறையும்.

ஸ்டியரிங் வீலை நேராக்குவது டிராக் லிங்க்கின் வேலை. மொத்தச் சுற்றில் பாதியில் வீலை நிறுத்தி, பாக்ஸ் நடுவில் இருக்கும்படி வைத்து, சக்கரங்கள் நேராக வரும்வரை டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றுங்கள். வீலைக் கழற்றிப் பல் மாற்றி மாட்டுவது தவறு. பாக்ஸின் இறுக்கமான நடுப்புள்ளி நேர் ஓட்டத்தில் இல்லாமல் போகும். ஏர்பேக் உள்ள வண்டியில் வீலுக்குள் இருக்கும் சுருள் கேபிளும் அறக்கூடும். ஈ.எஸ்.பி. (சறுக்கலைத் தடுக்கத் தானே பிரேக் பிடிக்கும் கருவி) உள்ள தாரிலும் ஜிம்னியிலும் முடித்ததும் ஸ்கேனர் போட்டு ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரைப் பூஜ்யத்துக்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் காரணமின்றிப் பிரேக் பிடிக்கலாம்.

தார் வகை முன்பக்கம்

டபுள் விஷ்போனில் லிஃப்ட் ஒரே நேரத்தில் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வு), காஸ்டர், டோ மூன்றையும் மாற்றும். இங்கே மெஷின் கட்டாயம். கடையில் "டோ மட்டும் வேண்டாம், காஸ்டர் ஸ்வீப் எடுத்து, சரிசெய்யும் முன்னும் பின்னும் எடுத்த பிரிண்ட் கொடுங்க" என்று கேளுங்கள். சுழலும் தட்டில் சக்கரத்தை இருபுறமும் 20 டிகிரி திருப்பி, கேம்பர் வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர் கிடைக்கும். ஆர்மில் கேம் போல்ட் (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) இருந்தால் அதில் திருத்தலாம். அதன் எல்லை தாண்டினால் அட்ஜஸ்ட் செய்யும் மேல் ஆர்ம்தான் வழி. டார்ஷன் பார் போல்ட்டைத் திருகி உயர்த்தும்போது கீழிறங்கும் ஓட்டம் தின்னப்படுகிறது. வண்டி தரையில் நிற்கும்போதே மேல் ஆர்ம் ஸ்டாப்பில் முட்டிக்கொண்டு இருந்தால் போல்ட்டைத் தளர்த்துங்கள். டிரைவ் ஷாஃப்ட் பூட்டுகளை மாதம் ஒருமுறை பாருங்கள். கோணம் கூடினால் முதலில் கிழிவது அவைதான்.

நடுக்கம்

ஒரு குழியில் இறங்கியதும் முன்பக்கம் முழுதும் கிடுகிடுவென ஆடி, வேகம் குறைத்தால்தான் நிற்கிறது என்றால் ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்க ஓடாதீர்கள். டேம்பர் நோயை மறைக்கும், தீர்க்காது. முதலில் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். உடுமலை, தாராபுரம் பக்கத்துக் கரிசல் சேறு காய்ந்து ஒரு பக்கம் ஒட்டியிருந்தாலே பேலன்ஸ் கெடும். பிறகு பேலன்ஸ், பனார்டு போல்ட், கிங்பின் பேரிங், காஸ்டர் என்று போங்கள். கிங்பின் பேரிங் இறுக்கத்தை ஷிம் (மெல்லிய தகடு) மாற்றி, ஸ்பிரிங் தராசால் நக்கிளை இழுத்து, மேனுவல் சொல்லும் எடைக்கு வைக்க வேண்டும்; கை உணர்வு போதாது. ரிம் வெளியே தள்ளும் ஸ்பேசர் போட்டிருந்தால் அதையும் ஒருமுறை கழற்றி ஓட்டிப் பாருங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

புஷ் போல்ட்டுகள் எல்லாவற்றையும் வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து கிழியும். ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, பிரேக் ஹோஸ் இழுபடவில்லை, டயர் எதிலும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். பின் ஆக்சிலில் சுமை உணரும் பிரேக் வால்வு இருந்தால் அதன் கம்பியையும் லிஃப்ட் அளவுக்குச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் வண்டி காலி என்று நினைத்து அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

முதல் ஓட்டம் மலையில் வேண்டாம். காலை நேரத்துக் காலிச் சாலையில் 40, 60, 80 என்று படிப்படியாகப் போங்கள். சாலை மழைநீர் வடிய இடப்பக்கம் சாய்ந்திருக்கும், வண்டி லேசாக இடப்பக்கம் போவது கோளாறு அல்ல. இழுப்பு அதிகமென்றால் முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால் பிரேக் உரசுகிறதா, இட வல ஹப் நீளம் சமமா, காஸ்டர் சமமா என்று பாருங்கள். அதெல்லாம் சரியான பிறகு மலை ஏறுங்கள்.

100 கி.மீ. ஓடியதும் யூ போல்ட், பனார்டு, ரேடியஸ் ஆர்ம், லாக் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்கி, ஒவ்வொன்றிலும் பெயிண்டால் கோடு போடுங்கள். 500 கி.மீ.யில் கோடுகள் விலகியிருக்கிறதா என்று பார்த்து மறுபடி முறுக்குங்கள். புது ஸ்பிரிங் அதற்குள் சில மில்லிமீட்டர் அமர்ந்திருக்கும், அதனால் டோவையும் ஸ்டியரிங் நடுவையும் அன்றே இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.